கேமராவைக் கைக்குத் திருப்பியவள்

"என் மூஞ்சியைப் பாத்து என்னட்டி கண்டுபிடிக்கப் போற?" என்று ஒருநாள் என்னைக் கேட்டாய். வீடியோ காலில் உன் முகம் தெரியவில்லை என்று நான் குறைப்பட்டபோது கேட்டது. இன்று காலை வகுப்பைத் தொடங்கியதும் அதுதான் நினைவுக்கு வந்தது. திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். நம் ஊர்ப் பக்கத்துக் கிராமச் செவிலியர்கள். பிறந்த குழந்தை மூச்சுவிடாவிட்டால் என்ன செய்வது என்று நான் இங்கே துபாய் பக்கத்து ரோலாவில், மகன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து சொல்லிக்கொடுக்கிறேன். "புரிந்ததா?" என்றேன். கட்டைவிரல் படங்கள் வரிசையாக எழும்பின. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னல்வரை போய் வந்தேன். கீழே துபாய் பஸ்ஸுக்குக் கூட்டம் நின்றது.

நாம் இருவரும் ஒன்றாக நர்சிங் படித்தோம். நான் பாடம் நடத்தப் போனேன், நீ வளைகுடாவுக்கு வந்தாய். ஓய்வுபெற்று நான் மகனிடம் வந்தபோது, நீ இந்த நாட்டிலேயே மலையடிவாரத்தில் தார்ச்சாலை முடிகிற இடத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் இருந்தாய். ஒரு டாக்டர், நீ, ஒரு டிரைவர். பேரீச்சந்தோட்டத்து ஆட்களின் வெட்டுக்காயம், கிழவர்களின் பிரஷர் மாத்திரை, இவைதான் டூட்டி. பிரசவம் எல்லாம் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். ஆனாலும் லைசென்ஸ் புதுப்பிக்க ஆன்லைன் பயிற்சிகளை முடித்தாக வேண்டும். அதில் பச்சைக்குழந்தைக்கு மூச்சுக்கொடுக்கும் பாடமும் ஒன்று.

அதை நர்சுகள் நீங்கள் எல்லாரும் எப்படி முடிக்கிறீர்கள் என்று நீயே சொல்லிச் சிரித்தாய். டூட்டி முடிந்து ரூமுக்கு வந்து, போனை அரிசிக் குக்கர்மேல் சாய்த்து, சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சமைப்பது. பதில்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிடும். "கோர்ஸ் படிக்கிறது குக்கர்தான்" என்றாய்.

நீயும் அப்படித்தான் முடித்தாய். முழு மதிப்பெண். அடுத்த வாரமே கூப்பிட்டாய், குரலில் அந்தச் சிரிப்பு இல்லை. தோட்டக் குடியிருப்பில் ஒரு பெண்ணுக்கு மாதம் நெருங்கியிருந்தது. டாக்டர் லீவில் போகிறார். மழைக்காலம் வேறு, மலையிலிருந்து வெள்ளம் இறங்கினால் பாதை அடைபட்டுவிடும்.

"மார்க்கு வந்துட்டுட்டி. கை வரலையே."

இன்னொரு தடவை வீடியோவைப் பார் என்றேன்.

"எத்தனை தடவ பாத்தாலும் அதுல வர்ற அந்தம்மா கைதான் சரியா செய்யுது" என்றாய்.

சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசலாம், கேட்டவர் விழத்தான் போகிறார். அதனால் கீழே இறங்கி ஒரு ரப்பர் பொம்மை வாங்கி, உன் பக்கம் காய்கறி ஏற்றிப் போகிற பாகிஸ்தானி வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். பேத்திக்கா என்று அவர் உன்னிடம் கேட்டாராம். பேஷண்ட் என்றாயாம்.

போனை டிரிப் ஸ்டாண்டில் கட்டி, கேமராவைக் கீழே பார்க்கத் திருப்பினாய். அப்போதுதான் உன் மூஞ்சியைப் பற்றிய அந்தக் கேள்வியைக் கேட்டாய். பொம்மையின் முகத்தில் மாஸ்க்கை வைத்து, மூச்சுப் பையை அழுத்தினாய். உன் விரல்கள் தாடைக்குக் கீழே தொண்டைச் சதைக்குள் புதைந்திருந்தன. நிறுத்து என்றேன். விரல் எலும்பில் நிற்கவேண்டும், சதையை அமுக்கினால் மூச்சுப் பாதையை நீயே அடைக்கிறாய். வீடியோவில் இதைச் சொல்லவே இல்லையே என்று சண்டைக்கு வந்தாய். சொன்னார்கள், நீ சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தாய் என்றேன். சிரித்து ஓய்ந்ததும், மறுபடி செய் என்றேன். அன்றிலிருந்து டூட்டி முடிந்ததும் தினமும் அதே வேலை, விரல்கள் தாமாகப் போய் எலும்பில் உட்காரும்வரை.

மழை வந்தது. வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ், இந்தப் பக்கம் நீ. பட்டப்பகலில் கிளினிக் கட்டிலிலேயே பிரசவம் ஆனது. குழந்தை துவண்டு கிடந்தது, துடைத்துத் தேய்த்தும் மூச்சில்லை. மாஸ்க்கை வைத்தாய். "நெஞ்சு ஏறிச்சுட்டி. அதை மட்டும் பாத்துக்கிட்டே அமுக்குனேன்" என்று சாயங்காலம் சொன்னாய். குழந்தையின் தகப்பன் கதவோரம் நின்று "கலாஸ்? கலாஸ்?" என்றானாம், எல்லாம் முடிந்துவிட்டதா என்று. "முடியலப்பா, இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு" என்று நீ தமிழிலேயே சொன்னாயாம். அவனுக்கு எங்கே விளங்கும். கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுதது, அது விளங்கியது.

மறு வருஷம் லீவில் ஊருக்குப் போன நீ திரும்பவில்லை. நெஞ்சுவலி என்றார்கள்.

இன்று ஜன்னலிலிருந்து திரும்பி வந்து, எல்லாரும் குழந்தைக்குப் பதில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு கேமராவைக் கைக்குத் திருப்புங்கள் என்றேன். சில பெயர்கள் காணாமல் போயின. பிறகு ஒரு கட்டம் திறந்தது. அந்தப் பெண்ணின் விரல்கள் உன்னுடையவை போலவே சதையில் புதைந்த மாதிரி மடங்கியிருந்தன. "டீச்சர், நான் போன மாசம்தான் சர்டிபிகேட் வாங்குனேன்" என்றாள். பரவாயில்லம்மா, இன்னொரு தடவை என்றேன். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று பேர் திறந்தார்கள். மற்றவர்கள் கறுப்பாகவே இருந்தார்கள். அவர்களில் யாருக்கு இன்றைக்கே ஒரு பிரசவம் வருமோ, யார் கை எங்கே அமுக்குமோ என்ற தவிப்பு சாப்பிடும்போதும் விடவில்லை. நீ எனக்கு விட்டுப்போனது இந்தத் தவிப்புத்தான். இதை வைத்துக்கொண்டுதான் அடுத்த வகுப்புக்கும் உட்காருவேன்.

இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இன்று யாருக்காவது போனில் ஒரு வேலையைச் சொல்லிக்கொடுத்தால், போனை வைக்கும் முன் அவர்களை ஒருமுறை செய்யச் சொல்லிப் பாருங்கள்.