மசாலா வைத்த பல்

அண்ணே,

இன்று மாஹிமில் அதே பல் கிளினிக். கதவைத் திறந்ததும் கிராம்பு எண்ணெய் வாசனை. இம்முறை நாற்காலியில் நான். டாக்டர் பொடியில் சொட்டு விட்டுக் குழைக்கும் சத்தம் கேட்டதும் வாய் தானாக மூடிக்கொண்டது.

பல் குழியை அடைக்கும் அந்தக் கலவைக்கு நம் தாராவியில் மசாலா என்றுதான் பெயர். புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சையில் உன் வாயில் எச்சில் வற்றி, பற்கள் ஒவ்வொன்றாகச் சொத்தையான மாதங்கள். "ஒரு டாக்டர் மசாலாவே வாயில படக்கூடாதுங்காரு. இன்னொருத்தரு பல்லுல மசாலா வைக்கணுங்காரு. நா யாரு பேச்சட்டி கேக்க?" சிரித்தாய். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது.

உன்னிடம் டாக்டர் இந்தியில் பேசியிருக்கலாம். படித்தவள் என்று என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். நான் உனக்குத் தமிழில் சொன்னேன். வாய்க் கிருமிகள் உண்டாக்கும் ஆசிட்டை எச்சில் கழுவிவிடும். உனக்கு எச்சில் இல்லை. இந்த மசாலா கொஞ்சம் கொஞ்சமாக ஃபுளோரைடைக் கசியவிடும். சுற்றியுள்ள பல் ஓரளவு தாங்கும்.

ஆசிட் என்றதும் நிமிர்ந்தாய். டிராம்பேயிலிருந்து பதினெட்டு வருடம் ஆசிட் டேங்கர் ஓட்டியவன்.

"டேங்கருக்கு உள்ள ரப்பர் லைனிங் ஒட்டுவாவள்ளா, அது மாதிரியா?"

"ஆமாண்ணே."

"லைனிங் எத்தன வருசம் நிக்குமாம்? கேளு."

கேட்டேன். இது சீக்கிரம் தேயும், இதைவிட உறுதியானதும் உண்டு என்றார். பிறகு அதே குரலில்: அவருக்கு இருக்கிற நாட்களுக்கு இது போதும்.

நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஆயுசுக்கும் நிக்குமாம்" என்றேன்.

திரும்பும்போது மாஹிம் ஸ்டேஷன் பாலத்தில் மூச்சு வாங்க நின்றாய். கீழே ஒரு ரயில் போய் முடிந்தது.

"யாரு ஆயுசுக்குட்டி? டேங்கருக்கா, டிரைவருக்கா?"

"வெயிலா இருக்கு, வாண்ணே."

அதன்பின் நீ கேட்கவே இல்லை. நம்பிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. குழாயடியில் நின்று, அந்தப் பக்கம் மட்டும் மெதுவாகப் பல் தேய்ப்பாய். "மசாலா வீணாப் போவக்கூடாதுல்லா." நான்கு மாதம்தான் இருந்தாய். மசாலா அசையவில்லை.

நான் சொன்னது பொய்யென்றும் ஆகவில்லை. அதுதான் உறுத்துகிறது.

இன்று டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் தொடங்கினார். இந்தியில் சொல்லுங்கள் என்றேன்.

பாலம் வழியாகத்தான் வந்தேன். நாக்கு புது மசாலாவைத் தடவிக்கொண்டே இருந்தது. நீ நின்ற இடத்தில் நின்றேன். ஒரு ரயில் போய் முடிந்தது.

டிரைவருக்கு, அண்ணே. டிரைவருக்குத்தான்.