இடது காலுக்கும் ஒரு செருப்பு

துபாய், ஹோர் அல் அன்ஸ்
வியாழக்கிழமை, அஸர் தொழுகை முடிந்து

என் அருமை உபைதுக்கு,

இறைவனின் சாந்தி உன்மேல் இறங்கட்டும். மியூனிக்கின் குளிரும் ஆஸ்பத்திரி சூப்பும் உன் வாயைக் கொஞ்சமாவது அடக்கியிருக்கட்டும் என்றும் சேர்த்தே துஆ செய்கிறேன். இங்கே நானும் ஷம்சாவும் பிள்ளைகளும் நலம்.

போனில் ஆபரேஷன் பேச்சை எடுத்தால் வைத்துவிடுகிறாய். மூன்று தடவை ஆகிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். என் அக்கா மகன் சனிக்கிழமை விமானத்தில் அங்கே வருகிறான். இதை உன் கையில் கொடுத்துவிட்டு, நீ கடைசி வரி வரை படிக்கிறாயா என்று பக்கத்திலேயே நின்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் மகன் மாயித் எல்லாம் சொன்னான். சர்க்கரைப் புண் முற்றி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டுமாம். திங்கட்கிழமைக்குள் நீ கையெழுத்துப் போடாவிட்டால் விஷம் மேலே ஏறிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நீ அந்தக் காகிதத்தைத் தூர எறிந்துவிட்டு, "கல்ஃபான்கிட்ட சொல்லி எனக்குப் புதுத் தோல் செருப்பு ஒரு ஜோடி வாங்கச் சொல்லுடா. ரெண்டு கால்லயும் மாட்டிக்கிட்டு நடந்துதான் ஊர் வருவேன். இல்லைனா பெட்டியில வருவேன்" என்றாயாம். "சாச்சா, நீங்க சொன்னாத்தான் வாப்பா கேப்பாரு" என்று பிள்ளை போனிலேயே அழுதுவிட்டான். நாற்பது வயதுக்காரனை அப்படி அழவைத்ததற்கு எனக்கு உன்மேல் கோபம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனாலும் செருப்பு வாங்கப் போனேன். எப்படிப் போனேன் என்று கேள். கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து ஒரு மாதத்துக்கு நான் வண்டியைத் தொடக்கூடாது. ஷம்சா சாவியை எங்கோ ஒளித்து வைத்துவிட்டாள். டிரைவர் பெஷாவருக்கு லீவில் போயிருக்கிறான். பையன்கள் ஆபீசில். வேறு வழியில்லாமல் மெட்ரோவில் போனேன். ஆமாம், நான்தான்! சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

ஏறியதுமே அவமானம். பெட்டி காலியாக இருக்கிறதே என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஒரு பிலிப்பைன்ஸ் பெண் பக்கத்தில் வந்து, "சார், இது லேடீஸ் பெட்டி. அபராதம் போட்டுருவாங்க" என்றாள். எங்கே எழுதியிருக்கிறது என்று கொஞ்சம் விறைப்பாகத்தான் கேட்டேன். "கீழ பாருங்க சார்" என்றாள். தரையில் பட்டையாகக் கோடு போட்டு எழுதியே வைத்திருக்கிறார்கள். "ஊருக்குப் புதுசா?" என்று வேறு கேட்டாள். உபைது, இந்த ஊரில் பிறந்து அறுபத்துமூன்று வருடம் ஆன நான், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய் நின்றுகொண்டேன்.

பனியாஸ் சதுக்கத்தில் இறங்கினேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடைகளிலோ ரோமக் கோட்டுகள் தொங்குகின்றன! வரிசையாக, கரடிக் கூட்டம் வந்து நின்ற மாதிரி. பெயர்ப்பலகை எல்லாம் ரஷ்ய எழுத்து. நான் ஒரு கடைக்கு எதிரே தெருவில் நின்று காத்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் ஆயிற்று, ஒருவரும் வெளியே வரவில்லை. அப்புறம்தான் எனக்கே உறைத்தது, என்னிடம் ஹார்ன் இல்லை. நாற்பது வருடமாக நாம் கடை வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்தபடி ஹார்ன் அடித்தால் தேநீர் வந்தது, ரொட்டி வந்தது, மருந்து வந்தது, சலவைத் துணி வந்தது. கடைக்குள் கால் வைத்துப் போக வேண்டும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

அங்கிருந்து முர்ஷித் பஜார் வரை நடந்தேன். நீயும் நானும் துறைமுகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் முப்பத்தொரு வருடம் சுங்க முத்திரை குத்தினோமே, அந்தப் பெட்டிகள் எல்லாம் எங்கே போகின்றன என்று ஒருநாளாவது கேட்டோமா? இங்கேதான் வந்து திறந்து கிடக்கின்றன, உபைது. நமக்கு வெறும் எண்ணாக இருந்ததெல்லாம் மணக்கிறது, மின்னுகிறது, விலை பேசுகிறது. மலைபோலத் துணிப்பொதி, அதன் உச்சியில் ஒரு நைஜீரியப் பெண் ஏறி உட்கார்ந்து கயிறு கட்டுகிறாள். கீழே ஒரு ஆப்கான் சுமைக்காரன், "இறங்கு தாயே, உன்னையும் சேர்த்துக் கட்டிக் கப்பல்ல ஏத்திருவாங்க" என்கிறான். ஈரான்காரர் கடையில் காய்ந்த எலுமிச்சை, ரோஜா மொட்டு, குங்குமப்பூ. அடுத்த கடையில் ஒரு சீனப் பெண் அரபியில் சண்டை போடுகிறாள். அவள் அரபியும் நம் அரபி இல்லை, அவளோடு மல்லுக்கட்டும் வங்காளியின் அரபியும் நம் அரபி இல்லை. ஆனாலும் இருவருக்கும் நன்றாகப் புரிகிறது! கண்ணில் புரை எடுத்த பிறகு நிறங்கள் வேறு பளிச்சென்று தெரிகின்றன. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அந்தச் சந்துகளில் வழி தெரியாதவன் நான் ஒருவன்தான். செருப்புக் கடைக்கு என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனது அந்த வங்காளிதான்.

நாற்பத்துமூன்றாம் அளவு, பழுப்புத் தோல், நீ கேட்டது மாதிரியே. வாங்கிவிட்டேன். ஆனால் பெட்டியைக் கையில் வாங்கியதும் மனசு கனத்துப் போயிற்று. இரண்டையும் அனுப்பினால் உன் பிடிவாதத்துக்கு நானே துணை போகிறேன். ஒன்றை மட்டும் அனுப்பினால் அது நண்பன் செய்கிற காரியமா? திரும்பும் வழியெல்லாம் இதே யோசனை.

வீட்டுக்கு நடக்கும்போது, நாம் வழக்கமாகத் தேநீருக்கு வண்டியை நிறுத்தும் நம் கஃபடேரியா வந்தது. முதல்முறையாக உள்ளே போனேன். நம் பீரான் பதறிவிட்டான். "அர்பாப், வண்டி எங்க? ஹார்ன் கேக்கலயே!" என்று ஓடி வந்து நாற்காலியைத் துடைத்தான். இருபது வருடமாக நம் வண்டி ஜன்னலுக்குத் தேநீர் கொண்டுவருகிற அதே மலையாளிதான். பால் கொஞ்சம் சிந்தியிருந்தது. பேன்ட்டை மேலே இழுத்துக்கொண்டு குனிந்து துடைத்தான். நான் அவன் காலைப் பார்த்தேன். இடது கணுக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இரும்புக் குழாய்.

"என்னடா இது?" என்றேன்.

"சர்க்கரை அர்பாப். பன்னெண்டு வருஷம் ஆச்சு."

"எங்ககிட்ட ஏண்டா சொல்லல?"

"நீங்க டீதானே கேட்டீங்க" என்றான். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவன் ஐந்து மாதம் காணாமல் போய்த் திரும்பி வந்தானே, நினைவிருக்கிறதா? "மாமியா வீட்டு விருந்தா? தின்னு தின்னு நடையே ஆடுது பாரு!" என்று நீ கேலி செய்தாய். நான் தொடையில் தட்டிச் சிரித்தேன். அவனும் சிரித்தான். நம் பேச்சு மும்முரத்தில் ஜன்னலில் முகம் தெரிந்த பிறகுதான் அவனைப் பார்ப்போம். இடுப்புக்குக் கீழே அந்த மனிதனை நாம் ஒருநாளும் பார்த்ததே இல்லை. வெட்கத்தில் தேநீரைத் தள்ளி வைத்துவிட்டேன், உபைது.

உன் விஷயத்தை அவனிடம் சொன்னேன். சொல்லிவிட்டதற்கு என்னைத் திட்டிக்கொள். அவன் பெட்டியைத் திறந்தான், இடது செருப்பை எடுத்தான், தன் ஷூவைக் கழற்றிவிட்டு மாட்டினான். அந்தச் செயற்கைக் காலிலும் பெருவிரலைத் தனியாகத்தான் வைத்திருக்கிறார்கள், செருப்பின் வளையத்துக்குள் சரியாக நுழைந்தது. பிறகு தட்டில் ஆறு கண்ணாடித் தம்ளர் நிறையத் தேநீரை வைத்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"செருப்புக்குத் தெரியாது அர்பாப், எது அசல் கால்னு. நீங்க ஹார்ன் அடிச்சு என்னைக்காவது நான் லேட்டா வந்திருக்கேனா? உபைது அர்பாப்கிட்ட இத மட்டும் கேளுங்க" என்றான்.

அந்தக் கடையில், அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து அழுதேன். அழுதது பீரானுக்காகவா உனக்காகவா என்று எனக்குத் தெரியாது. நீ இல்லாமல் அந்தச் சந்துகளில் நான் யாருடன் நின்று வாய் பிளப்பது? கால் போய்விடும் என்று பயப்படுகிறாயே, காலை வைத்துக்கொண்டு நாம் இத்தனை வருடம் என்ன கிழித்தோம்? வண்டியிலேயேதான் உட்கார்ந்திருந்தோம். இனிமேல்தான் நடக்கப் போகிறோம். ரோமக் கோட்டுக் கடைக்குப் போய் உனக்கு ஒன்றை மாட்டிப் பார்க்க வேண்டும். முர்ஷித் பஜாரில் வழி தொலைக்க வேண்டும். நீ களைத்தால் உட்காருவோம். அங்கே எல்லாக் கடையிலும் ஒரு முக்காலி இருக்கிறது, இதுவும் எனக்கு இந்த வாரம்தான் தெரியும்.

திங்கட்கிழமை கையெழுத்துப் போடு. கெஞ்சித்தான் கேட்கிறேன், உபைது. உன்னிடம் நான் இதுவரை எதற்கும் கெஞ்சியதில்லை. எழுதும்போது உன் கை நடுங்காமல் இருக்க இறைவன் துணை நிற்கட்டும். உன்னை முழுசாக எனக்குத் திருப்பித் தரட்டும். முழுசு என்றால் என்ன என்று எனக்கும் அவனுக்கும் தெரியும்.

செருப்பு இரண்டும் பெட்டியில் இருக்கின்றன. இடது செருப்பைத் திருப்பி அடியைப் பார். கஃபடேரியாத் தரையின் தூசியும் கொஞ்சம் பால் கறையும் இருக்கும். துடைக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அந்தச் செருப்பு ஏற்கெனவே நடந்துவிட்டது.

உன் வரவுக்காக, வண்டியில் இல்லாமல் கடைக்கு உள்ளே மேஜையில் காத்திருக்கும்,
கல்ஃபான்