மீன் லொறியில் பாதி வழி வந்த கார்

ஓட்டமாவடி
வியாழக்கிழமை

அன்பு மகள் முப்லிஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் நௌஷாட்டும் டோஹாவில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கேட்கிறேன். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் ஊர் வந்து சேர்ந்து இன்றோடு பன்னிரண்டு நாள், சுகமாக இருக்கிறோம். அந்தச் சுகத்தில் என் இடது முழங்காலையும் என் மானத்தையும் மட்டும் சேர்க்காதே, அவை இரண்டும் வரும் வழியில் அடிபட்டுவிட்டன. இந்தக் காலத்தில் பேனா பிடித்துக் கடிதம் எழுதும் வாப்பா உனக்கு மட்டும்தான் இருப்பார் என்று சிரிப்பாய். போனில் பேசினால் உம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பார், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையாவது பேசுவேன். சாமானெல்லாம் உடையாமல் வந்தது, காரும் சுகமாக வந்தது என்று அவர் உன்னிடம் சொன்னபோது நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று கதையில் பெரிய துண்டொன்றை விழுங்கிவிட்டார். அவர் ஏசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு சுட்டிருக்காது. அதனால்தான் நானே எழுதி, லீவு முடிந்து நாளை டோஹா திரும்பும் நம் ஊர் இஷாமின் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

நீ வெளிநாடு புறப்பட்ட அன்று கார்த் திறப்பை உம்மாவின் கையில் வைத்து, இது உம்மாவுக்கு, உம்மாதான் ஓட்ட வேண்டும் என்று சொன்னாய். நானும் நின்று பெரிதாகத் தலையாட்டினேன். நீ போன மறுநாள், பத்திரமாக இருக்கட்டும் என்று அந்தத் திறப்பை வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒன்றரை வருடம் அது மிகவும் பத்திரமாக இருந்தது. உம்மா ஐம்பத்தொரு வயதில் பழகி முதல் தடவையிலேயே லைசென்ஸ் எடுத்தவர். நான் இருபத்தாறு வயதில் மூன்றாம் தடவை எடுத்தவன். இருந்தும் அவரை மாபோளைச் சந்தைவரை மட்டும் ஓட்டவிட்டு, பக்கத்தில் இருந்து பிரேக், பிரேக் என்று கத்தி, என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை நானே மிதித்துக்கொண்டு போவேன். முழங்கால் நோவுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கொழும்புப் பக்கத்தை விட்டு, மாபோளைப் புடவைக் கடையையும் கொடுத்துவிட்டு ஊரோடு போவதென்று ஏன் முடிவெடுத்தோம் என்பது உனக்குத் தெரியும். உம்மாவின் தங்கை, உன் சாச்சி அஸீமாவுக்கு ஒவ்வொரு திங்களும் வியாழனும் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும், அவளுடைய மாப்பிள்ளை ரியாத்தில், ஏறாவூரிலிருந்து கூட்டிப்போக ஆளில்லை. அதுவரை உதவிய அயல்வீட்டுக்காரரும் காரை விற்றுவிட்டார். என் வேனில் புடவைக் கட்டுக்காகப் பின் ஆசனங்களை எப்போதோ கழற்றிவிட்டேன், மெஷினிலிருந்து இறங்கி வருகிறவள் சாய்ந்து படுக்க அதில் இடமில்லை. ஆகவே உன் கார் கட்டாயம் வர வேண்டும், அதுவும் நாங்கள் ஊர் போனதும் வரும் முதல் திங்களுக்கு முன் வர வேண்டும். ஆள் இரண்டு, வாகனம் இரண்டு, லைசென்ஸ் இரண்டு. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் விளங்கும் விஷயம். உம்மா முதல் நாளே சொன்னார், "நீங்க வேன்ல சாமானோட வாங்க, நான் கார ஓட்டிக்கு வாறன்" என்று. பெற்றோல் செலவோடு முடிந்திருக்கும்.

நான் யானை என்றேன். இரவில் பனி என்றேன், பகலில்தான் போகிறோம் என்று அவர் சொன்னதும் வெயில் என்றேன். உண்மையை உனக்கு மட்டும் எழுதுகிறேன். நம் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது. ஓட்டமாவடி வீடும் வளவும் உம்மாவின் சீதனம். அந்த வீட்டுக்குள் முப்பது வருடத்துக்கு முன் மாப்பிள்ளையாகப் போனவன், இப்போது கடையும் இல்லாமல் திரும்பிப் போகிறேன். அந்தத் தெருவுக்குள் உம்மாவும் ஒரு காரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினால், நான் யார் என்று நாலு பேர் கேட்பார்களே என்று எனக்கு வெட்கம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்க நினைத்திருந்தவனும் என் தொப்பையைப் பார்த்தே விடை கண்டிருப்பான்.

பிறகு மலிவான வழி தேட ஆரம்பித்தேன். கார் ஏற்றும் கெரியர்காரன் சொன்ன கூலியைக் கேட்டு நான் போனையே கீழே வைத்துவிட்டேன். சம்பளத்துக்கு ஓட்டிவர ஒருவன் சம்மதித்தான், அவனுக்குச் சாப்பாடு, ஒரு நாள் தங்கல், திரும்பிப் போக பஸ் காசு எல்லாம் வேண்டுமாம். அரிசி லொறிக்காரர் காரின் நீளத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். விற்றுவிட்டு இங்கே ஒன்று வாங்கலாமென்றால், இன்றைய விலைக்கு விற்றவன் வாழ்நாளில் திரும்ப வாங்க மாட்டான். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பேலியகொடை மீன் சந்தைக்கு மீன் கொண்டுவரும் கூலர் லொறிகள் வெறும் பெட்டியோடு திரும்பிப் போகின்றன. மாங்கேணிச் சாமித்தம்பியின் லொறியைப் பிடித்தேன். நல்ல மனிதர், உள்ளதைச் சொன்னார். லொறியைக் கழுவித்தான் கொண்டு வருவேன் ஆனால் வாசம் போகாது என்றார். கார் இடத்தைப் பிடித்தால் வெறும் மீன் பெட்டிகளை எங்கே வைப்பது என்றும் கேட்டார். பெட்டிகளைக் காருக்குள்ளேயே அடுக்குங்கள், கூலியில் கொஞ்சம் குறையுங்கள் என்று நான்தான் சொன்னேன். யாரும் என் கழுத்தைப் பிடித்துச் சொல்ல வைக்கவில்லை. ஆசனத்துக்குப் பழைய பேப்பர் விரித்துவிட்டு, கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை காரைப் பலகையில் ஏற்றுகிற நேரம் உம்மா, நான் மெலிந்தவள், நான் ஏற்றட்டுமா என்று கேட்டார். உனக்கு இதெல்லாம் பிடிபடாது என்று சொல்லி நானே ஏற்றினேன். சரியாகத்தான் ஏற்றினேன். நிறுத்திய பிறகுதான் தெரிந்தது, இரண்டு பக்கமும் லொறியின் சுவர், கதவைத் திறக்க ஒரு சாண் இடமில்லை. ஆசனங்களுக்கு மேலால் தவழ்ந்து டிக்கி வழியாக வரச் சொன்னார்கள். பாதி வந்தேன், மீதி வரவில்லை. இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள், முழங்கால் அங்கேதான் போயிற்று. "காக்கா, பெரிய சூரை மீனையும் நாங்க இப்பிடித்தான் இறக்கிற" என்று சாமித்தம்பி ஆறுதல் சொன்னார். உம்மா சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார், ஆனால் தோள் குலுங்கியதைப் பார்த்தேன்.

லொறி முன்னால், வேனில் நாங்கள் பின்னால். பொலன்னறுவை தாண்டிக் கதுருவெலயில் லொறியின் கிளச் போய்விட்டது. உழவு மெஷின் ஒன்றால் இழுத்து ஒரு நெல் ஆலைக்குள் விட்டார்கள். புதிய பிளேட் கொழும்பிலிருந்து வர வேண்டும், நாளை ஞாயிறு, செவ்வாய்க்கு முன் லொறி நகராது என்றார் சாமித்தம்பி. அந்த ஆலையில் மூட்டை ஏற்ற ஒரு சரிவு மேடை இருந்தது, காரை இறக்கலாம். அப்போதும் மகள், நான் என்ன சொன்னேன் தெரியுமா. கார் லொறியிலேயே இருக்கட்டும், செவ்வாய் வந்து சேரட்டும், சாச்சி இந்த ஒரு திங்கள் மட்டும் ஓட்டோவில் போகட்டும், இல்லாவிட்டால் ஒரு நாள் பிந்திச் செவ்வாய் போகட்டும் என்றேன். என் வாயால் சொன்னேன். உம்மா சத்தம் போடவில்லை. "போன மாசம் ஓட்டோவுலதான் அவள் மயங்கி விழுந்த. திறப்பத் தாங்க" என்று கையை நீட்டினார். முப்பது வருடத்தில் அவர் என்னிடம் கை நீட்டிக் கேட்டது அதுதான் முதல் தடவை. கொடுத்தேன்.

மீன் பெட்டிகளை இறக்கியதும் டிக்கியால் உள்ளே போய், சரிவில் பின்னால் பார்த்துக்கொண்டு ஒரே எடுப்பில் காரை இறக்கினார். ஆலைக்காரர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கொஞ்சம் பிந்தி. வெலிக்கந்தை தாண்டியதும், நான் மாதக் கணக்காகப் பயம் காட்டிய யானை நிஜமாகவே ரோட்டோரத்தில் நின்றது. உம்மா தூரத்திலேயே நிறுத்தி, சிக்னலைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். பின்னால் வேனில் இருந்த வீரன் நான், பதறிப்போய் ஹோன் அடித்துவிட்டேன். உடனே போன் வந்தது, ஹோன் அடிக்காதீங்க, அது போற நேரம் போகும் என்று. அது போயிற்று, நாங்களும் புணாணை கடந்து வந்தோம். தெருவுக்குள் உம்மாவின் கார் முன்னால் நுழைந்தது, சட்டிபானையோடு நான் பின்னால். வரவேற்க உம்மாவின் உடன்பிறந்த உன் மாமா மஜீட் நின்றார், அயலவர் நின்றார்கள், மீன் வாசத்துக்கு அந்தப் பகுதிப் பூனையெல்லாம் வந்து நின்றது. மாமா விடுவாரா. "மச்சான், அப்ப கலியாணத்துக்கு உங்கள நாங்க கூட்டிக்கு வந்த. இண்டைக்கிப் பொண்ணே கூட்டிக்கு வந்திரிச்சே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தானா என்று பார்த்தால், ஒன்றுமே ஆகவில்லை, நானும் சிரித்துவிட்டேன்.

வாசம் போக தேசிக்காய், கோப்பித்தூள், கரி எல்லாம் வைத்தோம். கடைசியில் சாம்பிராணி போட்டேன், இப்போது கருவாட்டுக் கடையில் சாம்பிராணி பிடித்த மாதிரி இருக்கிறது. கழுவின கூலியையும் ஆலைக்காரருக்குக் கொடுத்ததையும் சேர்த்தால் கெரியரிலேயே ஏற்றியிருக்கலாம். சாமித்தம்பி மனம் கேட்காமல் ஒரு பெரிய கொடுவா மீன் கொண்டுவந்து தந்தார், அதையும் காரில்தான் வைத்துவிட்டுப் போனார். அந்தத் திங்கள் சாச்சி காரில் ஏறியதும் மூக்கைப் பொத்தினாள். பிறகு உம்மா கதை முழுவதையும் சொல்ல, நான் டிக்கிக்குள் மாட்டிய இடம் வந்ததும் சிரித்தாள் மகள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நாங்கள் பார்த்து எத்தனை மாதம். ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்த டொக்டர், இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் ஆபத்து என்றார். செவ்வாய்க்கிழமை என்று சொன்ன வாய் எனக்குச் சொந்தமானது என்று யாரிடமும் சொல்லவில்லை. உம்மாவும் சொல்லவில்லை.

இதை ஆஸ்பத்திரி வாசலில் காருக்குள் இருந்துதான் எழுதுகிறேன், சாச்சி மெஷினில் இருக்கிறாள், உம்மா அவள் பக்கத்தில். இப்போது என் இடம் பின் ஆசனம், முன்னால் இருந்தால் பிரேக் மிதிக்கிறேனாம். வெயிலில் அலையாதே, தண்ணீர் நிறையக் குடி, மருமகனை இரவு வேலை முடிந்து உடனே கார் ஓட்ட விடாதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் காரை மாற்றி எழுதும் படிவத்தில் என் பெயரைப் போட்டு அனுப்பு என்று போன மாதம் உனக்குச் சொன்னேனே, அதைக் கிழித்துப் போடு. புதிதாக ஒன்று எடுத்து, ஜெமீலா என்று உம்மாவின் பெயரை எழுதி, கையொப்பம் வைத்து, வருகிறவர் யாரிடமாவது சீக்கிரம் கொடுத்தனுப்பு. உம்மாவிடம் நீ சொல்லாதே. திறப்பை நான் கேட்டு வாங்கியவன், இதை நானே என் கையால் கொடுக்க வேண்டும், அப்போது செவ்வாய்க்கிழமைக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். அதன்பின் வீடும் அவருடையது, காரும் அவருடையது. எனக்கு வேன் இருக்கிறது, அதிலாவது மீன் வாசம் இல்லை.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தந்து, கண்ணுக்கு முன் கொண்டுவந்து சேர்ப்பானாக.

பின் ஆசனத்திலிருந்து,
உன் வாப்பா
ஆதம்பாவா