முனியாண்டி அண்ணன் சட்டை

புதன்கிழமை, மார்ச் 1998

உச்சி வெயில்ல செம்பனைக் குலை வெட்டிக்கிட்டிருந்த முனியாண்டி அண்ணன் திடீர்னு தள்ளாடினாரு, என்னமோ உளறினாரு. உதிரிப் பழம் பொறுக்கிக்கிட்டிருந்த நான், "வேலை நேரத்துலயே சம்சு சாராயம் போட்டாச்சா அண்ணே?"ன்னு சிரிச்சேன். அப்படியே சுருண்டு விழுந்துட்டாரு.

ஓடிப்போய்த் தொட்டா உடம்பு நெருப்பா கொதிக்குது, ஒரு சொட்டு வேர்வை இல்ல. வாய்க்கிட்ட மோந்து பார்த்தேன், சாராய வாடையே இல்ல.

"தண்ணி டாங்கி ரெண்டு நாளா காலி, அதான்"னு எங்களை வேலை வாங்குற மண்டோர்கிட்ட சொன்னேன். "குடிகாரன் லா! நீ போய் லோரிய கூப்பிடு"ன்னு விரட்டினாரு.

லோரியோட திரும்பினப்ப அண்ணன் சட்டை நனைஞ்சிருந்துச்சு. மண்டோர் எங்கிருந்தோ தண்ணி கொண்டாந்து ஊத்தியிருக்காருன்னு மனசு கொஞ்சம் ஆறுச்சு.

தூக்கக் குனிஞ்சேன். சட்டையெல்லாம் சம்சு வாடை.