நாய் தூக்கிய பந்தும் பதினோராவது குழியும்

மச்சான்,

போன வாரம் என் மகளின் ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்ற அண்ணனூர் ஸ்டேஷன் பக்கத்து மெக்கானிக் கடைக்குப் போயிருந்தேன். வடித்த பழைய ஆயிலை மெக்கானிக் தகர டப்பாவில் பிடித்தபோது கொஞ்சம் சிந்தி, வாசலில் கொட்டிக் கிடந்த மணலில் ஊறியது. வெயிலில் காய்ந்த மணலும் கறுப்பு ஆயிலும் சேர்ந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு ஸ்கூட்டர் மறந்துபோயிற்று. செருப்புக் காலால் அந்த மணலைத் தடவித் தடவி மட்டமாக்கிக்கொண்டு நின்றேன். "இன்னா பெர்சு, எதனா வுழுந்துச்சா?" என்று மெக்கானிக் கேட்டார். கோல்ஃப் ஆட இடம் சரி செய்கிறேன் என்று சொல்லியிருந்தால் என் மகளுக்கு போன் போட்டிருப்பார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இதை உன்னிடம் மட்டும்தான் சொல்லிச் சிரிக்க முடியும். நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. அதனால் எழுதுகிறேன். இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதை நீ இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் கம்பெனி. நீ லேத்தில் இரும்பு கடையும் டர்னர், நான் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் கிளார்க். புது மெஷின் பூட்டிக் கொடுக்க வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது, தண்டு முறிந்த கோல்ஃப் மட்டை ஒன்றை ஸ்கிராப்பில் வீசிவிட்டுப் போனார். இரும்புத் தலையில் ஏழு என்று எண் போட்டிருந்தது. மற்றவர்களுக்கு அது பழைய இரும்பு. நீ அதை எடுத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "மச்சான், இத்த செஞ்சவன் பெரிய வேலைக்காரன்டா" என்றாய். ஸ்கிராப் குழாய் ஒன்றைக் கடைந்து தண்டாக்கினாய். பிடிக்கு சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினாய். மேலதிகாரி அனுமதித்தும் கேட்டில் வாட்ச்மேன் விடவில்லை. கடைசியில் 'வளைந்த கம்பி, ஒன்று' என்று கேட் பாஸ் எழுதிக் கொடுத்தவன் நான்தான். அத்தனை ஆசையாக நான் வேறு எந்த கேட் பாஸும் எழுதியதில்லை.

கோல்ஃப் பணக்காரர்கள் ஆட்டம் என்று ஊரே சொல்லும். நமக்கு அது எப்படிக் கட்டுப்படியாகும் என்று நானும் கேட்டேன். "நெலம், குச்சி, பந்து, குழி. இதுல எது காசு?" என்று நீ கேட்டாய். நிலத்துக்கு, உன் நெமிலிச்சேரி வீட்டுக்குப் பின்னால் கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரி. குழிக்கு, பால் பவுடர் டப்பா. கொடிக்கு, சவுக்குக் கொம்பில் கட்டிய, மெஷின் துடைக்கும் காட்டன் வேஸ்ட். பந்துக்கு மூர் மார்க்கெட். அங்கே ஒருவர் தேய்ந்துபோன பந்து நான்கை, எதற்கு ஆகும் என்றே தெரியாமல் நம் தலையில் கட்டினார். குழியைச் சுற்றிப் புல் வேண்டுமாம். ஏரியில் புல்லுக்கு எங்கே போவது? மெஷின் ஷாப்பின் வேஸ்ட் ஆயிலை மணலில் ஊற்றி, இரும்புக் குழாயை உருட்டி வழவழவென்று ஆக்கினாய். ஐந்து குழி. மூன்று சுற்று ஆடினால் பதினைந்து.

மட்டை ஒன்று, ஆள் இரண்டு. நீ அடித்துவிட்டு என் பந்து கிடக்கும் இடத்துக்கு நடந்து வந்து மட்டையைக் கொடுப்பாய். நான் அடித்துவிட்டு உன் பந்துக்கு நடப்பேன். ஆடிய நேரத்தைவிட மட்டையைக் கொடுத்து வாங்கிய நேரம்தான் அதிகம். எல்லாப் பேச்சும் அப்படி மட்டை கை மாறும் இடத்தில்தான் நடந்தது. உன் கல்யாண விஷயத்தை முதலில் நீ சொன்னதும் மூன்றாவது டப்பாவுக்குப் போகிற வழியில்தான். ஞாயிறு காலை சர்ச் முடிந்து அதே வெள்ளைச் சட்டையில் வருவாய், போகும்போது அதில் ஆயில் கறை இருக்கும். உன் மனைவியாகத் தங்கச்சி வீட்டுக்கு வந்தபிறகு, அந்தக் கறைக்கு விழுந்த திட்டில் பாதி எனக்கும் கிடைத்தது.

சட்டம்தான் நமக்குச் சிக்கல். அதே மூர் மார்க்கெட்டில் கோல்ஃப் சட்டப் புத்தகம் ஒன்று கிடைத்தது. முன்னால் கொஞ்சம், பின்னால் பாதி, பக்கங்கள் இல்லை. டீ நேரத்தில் நான் இங்கிலீஷைப் படித்துப் படித்துச் சொல்ல, நீ பஞ்சாயத்துத் தீர்ப்புக் கேட்பவனைப் போலக் கை கட்டி உட்கார்ந்திருப்பாய். புத்தகம் எங்கே முடிந்ததோ அங்கிருந்து நாமே சட்டம் போட்டோம். ஏரியில் மேய்ப்பவர்களின் ஆடும் நாயும் திரிந்ததால் முதல் சட்டமே அதற்குத்தான். நாய் பந்தைத் தூக்கினால் என்ன செய்வது? திருப்பி எடுத்து வைத்து ஆடலாம் என்றேன் நான். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "காத்து தள்ளிகினு போனா திருப்பி வெப்பியா? நாயும் அத்த மாதிரிதான். எங்க வுட்டுச்சோ அங்கேர்ந்து ஆடு." எனக்கு அது நியாயமாகப் பட்டது. பழைய டெஸ்பாட்ச் தாளின் முதுகில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அந்த நாய்கள் இரண்டு வருடம் நம் பந்தை மோந்துகூடப் பார்க்கவில்லை.

உனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. நிஜப் புல்லில் ஒருமுறை பதினெட்டுக் குழியும் ஆட வேண்டும். பெரிய வீடு, ஸ்கூட்டர், எதற்கும் நீ ஏங்கிப் பார்த்ததில்லை. இதைப் பேசும்போது மட்டும் உன் குரல் இறங்கிவிடும்.

வேஸ்ட் ஆயில் எதற்கு என்று அசிஸ்டென்ட் மேனேஜர் கேட்டதில் அதற்கு வழி பிறந்தது. அவர் பட்டணத்தில் ஒரு கோல்ஃப் கிளப்பில் மெம்பர். நம்பாமல் ஒரு ஞாயிறு ஏரிக்கே வந்து பார்த்தார். நம் ஏழாம் நம்பரால் அவர் அடித்த பந்து கரையில் போய் விழுந்தது. நாம் மரியாதைக்குச் சிரிக்காமல் நின்றோம். கிளம்பும்போது சொன்னார்: "அடுத்த மாசம் எனக்கு பம்பாய் மாற்றல். கடைசி ஞாயிறு ஒரு விருந்தாளியைக் கூட்டிப் போகலாம். ஒருத்தர்தான் முடியும். யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

நீயே போ என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் ஆசை தொற்றியிருந்தது, மச்சான். ஆடித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நீதான் சொன்னாய். நான் டக்கென்று சரி என்றேன்.

குறைந்த அடியில் முடிப்பவனுக்கு வெற்றி. பதினான்கு குழி முடிந்தபோது சமம். கடைசிக் குழியில் மூன்று முறை அடித்ததில் உன் பந்து டப்பாவுக்கு இரண்டு சாண் பக்கத்தில் போய் நின்றது. நானும் அடித்தது மூன்றுதான், ஆனால் என் பந்து பத்து எட்டுக்கு அப்பால். நான் இரண்டு அடியில் போட்டு ஐந்தில் முடித்தேன். நீ நாலில் முடிக்க வேண்டியது. கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் விழும். மட்டையை உன் கையில் கொடுக்க நான் வந்துகொண்டிருந்தபோது, அத்தனை நாள் சும்மா படுத்திருந்த மேய்ப்பவர்களின் செவலை நாய் எழுந்து வந்து உன் பந்தைக் கவ்விக்கொண்டு ஓடியது. கருவேல முள்ளுக்குள் போய்த் துப்பிவிட்டு நின்று நம்மைப் பார்த்தது.

நான் வாயைத் திறக்குமுன் நீ முள்ளைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டாய். "ரூலு ரூலுதான்" என்றாய். முள்ளிலிருந்து எடுத்து, மணலுக்கு வந்து, டப்பாவில் விழ மூன்று அடி ஆயிற்று. நீ ஆறு, நான் ஐந்து. கையில் முள் கீறி ரத்தம். "இன்னா மொறைக்கிற? போய் நல்லா ஆடு" என்று என் முதுகில் தட்டினாய். அடுத்த சனிக்கிழமை சர்ச்சுக்குப் போடும் உன் ஷூவைப் பாலிஷ் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாய். என் காலுக்கு அது பெரிசு. முனையில் காட்டன் வேஸ்ட் திணித்துக் கொடுத்தாய்.

அந்தப் புல்லைப் பார்த்ததும் ஷூவைக் கழற்றப் போனேன். மேனேஜர் கையைப் பிடித்துத் தடுத்தார். நம் ஆயில் மணலில் பந்தை ஓங்கித் தட்டினால்தான் நகரும். அதே பழக்கத்தில் தட்டினேன், பந்து குழியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிப் போயே போய்விட்டது. கூட ஆடியவர்கள் நல்ல மனிதர்கள், சிரித்துவிட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். ஐந்து குழி சந்தோஷமாக ஆடினேன்.

ஆறாவது குழியில் ஒரு காக்கை வந்தது. எங்களோடு ஆடியவரின் பந்து குழிக்குப் பக்கத்தில் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டது. யாரும் பதறவில்லை. அவர் பையிலிருந்து வேறு பந்தை எடுத்து அதே இடத்தில் வைத்து, ஒரே தட்டில் உள்ளே போட்டார். "அடி கூடாதா சார்?" என்று கேட்டேன். "வெளியிலேர்ந்து ஏதாவது வந்து தூக்கினா பழைய இடத்துலயே வெச்சு ஆடலாம். அதான் சட்டம்" என்றார் மேனேஜர். "நாய் தூக்கினா?" என்றேன். "நாயானா என்ன, காக்காயானா என்ன" என்றார்.

நம் புத்தகத்தில் கிழிந்துபோன பாதியில் அது இருந்திருக்கிறது. அன்று ஏரியில் ஜெயித்தவன் நீ. நான் உன் இடத்தில், உன் ஷூவில் நின்றுகொண்டிருந்தேன். அதற்குமேல் எனக்கு மட்டையைத் தூக்கக் கை வரவில்லை. வயிற்று வலி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அம்பத்தூர் வரும்வரை அந்த ஷூவையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு வெட்கம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

மறுநாள் கேன்டீனில் காக்கை கதையை அப்படியே சொன்னேன். நீதான் போயிருக்க வேண்டும் என்றேன். நீ டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாய். பிறகு சொன்னாய்: "அது அவங்க எடத்து ரூலு. நம்ம எடத்துல நாம கையெழுத்து போட்டது ஒண்ணு கீதுல்ல? அன்னிக்கு அதான் ரூலு. நீதான் கெலிச்ச." கோபம் இருக்கிறதா என்று முகத்தைத் தேடினேன். இல்லை. நீ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அத்த வுடு. பதினெட்டும் ஆடின இல்ல? ஒண்ணு ஒண்ணா சொல்லு" என்றாய்.

பாதியில் வந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? உனக்குக் கிடைக்காததை நான் வீணாக்கியிருந்தேன். "ஆடினேன்" என்றேன்.

கேன்டீனில் கேட்டது உனக்குப் போதவில்லை. அடுத்த ஞாயிறு ஏரிக்கு இழுத்துப் போனாய். ஒவ்வொரு குழியும் எப்படி இருந்தது என்று நான் சொல்லச் சொல்ல, நம் டப்பாக்களை வைத்துக்கொண்டே நீ அந்தக் கிளப்பை ஆடினாய். ஆறு குழிவரை பார்த்ததைச் சொன்னேன். ஏழிலிருந்து வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மேடு என்றேன், வளைவு என்றேன். பதினொன்றில் எனக்கே ஆசை வந்து ஒரு குளம் வெட்டினேன். குளத்துக்கு அப்பால் மேட்டில் குழி, இடது பக்கத்தில் பூத்துக் கொட்டும் கொன்றை மரம். வெடித்துக் கிடந்த ஏரி மண்ணில் நீ ரொம்ப நேரம் நின்று அந்தத் தண்ணீரைப் பார்த்தாய். அடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "தாண்டிச்சா?" என்றாய்.

"தாண்டிடுச்சு மச்சான்" என்றேன். உன் முகத்தில் அப்போது வந்த சிரிப்புக்காக இன்னும் பத்துக் குளம் வெட்டியிருப்பேன்.

அந்தக் குழியை மூன்று அடியில் முடித்தாய். பிறகு ஏரியில் தண்ணீர் நின்ற வருடங்களில் ஆட்டம் குறைந்து, எழுபதுகள் முடிவதற்குள் நின்றும் போயிற்று. நீ குறைப்பட்டுக்கொள்ளவில்லை. டீக்கடையில் யாராவது கோல்ஃப் என்றால் போதும், "பதினோராவது குழி ஒண்ணு கீதுபா" என்று ஆரம்பித்துவிடுவாய். தங்கச்சிக்கும் அது மனப்பாடம். நான் பக்கத்தில் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாய் வரை வந்தது. நீ சந்தோஷமாக இருந்தாய், எனக்கு மனசு வரவில்லை.

கடைசியாக உன் வீட்டுக்கு வந்த மத்தியானம் உனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பேச வேண்டாம் என்று தங்கச்சி சொல்லிவிட்டுப் போனது. நீ என் கையைப் பிடித்து, "அந்தப் பதினொண்ணு சொல்லு மச்சான்" என்றாய். சொன்னேன். குளம், மேடு, காற்று, தண்ணீரில் விழும் மஞ்சள் பூ. "வலது பக்கம் ஒரு கொன்றை மரம்" என்றேன்.

நீ கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினாய். "எடது பக்கம்டா" என்றாய்.

அப்படி ஒரு குழி எங்கேயும் இல்லை, மச்சான். இதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. காலையில் நடக்கப் போகும்போது இப்போதும் அதை ஒருமுறை மனதுக்குள் ஆடிவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புகிறேன். மரம் இடது பக்கத்தில்தான் இருக்கிறது.