நான் நடக்க வைத்த தையல்காரர்

ஜூன் 2, ஞாயிறு

இன்று காலை ஆராதனையில் தையல்காரரை நடக்க வைத்தேன்.

போன வாரம் எழுந்து உட்கார வைத்திருந்தேன். அதற்கு முந்திய வாரம் முழங்கால். இடுப்பெலும்பு முறிந்து ஊரின் அந்தக் கோடியில், மூன்றாம் மாடியில் படுத்திருக்கிற மனிதரை வியாழன்தோறும் சந்தித்து ஜெபித்து வருவதாக, ஒன்பது வாரமாக மைக்கில் சாட்சி சொல்லிவருகிறேன். இன்று சபை விட்ட கண்ணீரில் படகு விடலாம். பாட்டுக்குழு அம்மாள் மூக்குச் சிந்தியதில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

இந்த மகத்தான ஊழியத்தில் ஒரே ஒரு சின்னக் குறை. நான் அவரை ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

நாலு சபைக்கு ஒரே ஆளாக ஓடிக்கொண்டிருக்கும் போதகர் இன்று மைக்கை வாங்கினார். "இவ்வளவு பெரிய அற்புதம்! செவ்வாய்க்கிழமை நானே நேர்ல போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

எனக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

ஜூன் 3, திங்கள்

போதகர் போவதற்கு முன்னால் போய், தையல்காரர் காலில் விழுந்துவிடுவது என்று கிளம்பினேன். ஆயிரத்தெட்டுப் படி. (சரி, அறுபத்திரண்டு.) கதவு வரை போனேன். உள்ளே முனகல்.

திரும்பி வந்துவிட்டேன்.

உண்மையை இங்கேயாவது எழுதுகிறேன். சபை என்னை அனுப்பிய முதல் வியாழனும் இதே கதைதான். கதவைத் தட்டக் கையை ஓங்கியபோது உள்ளே அவர், "ஆண்டவரே, யாராவது வாங்களேன்" என்றார். கல்யாண வீட்டில் பந்தி முடியும்வரை பேசுகிற வாய் இது. ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. இறங்கி ஓடினேன். ஞாயிறன்று எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். "கட்டைவிரலை அசைத்தார்" என்று சொல்லிவைத்தேன். ஒரே ஒரு கட்டைவிரல்! அது முளைத்து, கிளைத்து, நடந்தே விட்டது.

ஜூன் 4, செவ்வாய்

விடிந்ததும் பக்கத்து வீட்டுச் சேவல் கூவியது. பைபிளில் ஆண்டவரைத் தெரியாதென்று பொய் சொன்ன சீஷனுக்குக் கூவியது போல, எனக்கென்றே கூவியதாகப் பட்டது. அதுவும் மூன்று தடவை.

சாயங்காலம் போதகர் வீட்டுக்கே வந்தார். அலமாரிக்குப் பின்னால் ஒளிந்தேன், தொப்பை சம்மதிக்கவில்லை. வெளியே வந்தேன்.

"அண்ணே, தையல்காரரைப் பார்த்தேன். வாராவாரம் நீங்க வந்து ஆறுதல் சொல்றதா சொன்னாரு. நடக்கிறது மட்டும் இன்னும் இல்லையாம். 'அண்ணன் சந்தோஷத்துல கொஞ்சம் முந்திட்டாரு'ன்னு சிரிக்கிறாரு. இனிமே சந்திப்புக் குழுவுக்கு நீங்கதான் தலைவர்!"

தையல்காரர் எதற்கு அப்படிச் சொன்னார்? ஏன் சொல்ல வேண்டும்?

போதகர் போனதும் என் மனைவி, அதாவது இந்த வீட்டின் மேலிடம், சமையலறையிலிருந்து வந்தாள். "வியாழக்கிழமை வியாழக்கிழமை உங்க சட்டைப் பையில வேர்க்கடலைத் தோல் இருக்கும். எந்த நோயாளி வீட்டுல உட்கார்ந்து கடலை கொறிச்சீங்க?"

பேருந்து நிறுத்தப் பெஞ்சில், மேலிடமே. மூன்று மணி முதல் ஐந்து வரை. சொன்னேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். "படுத்துக் கிடக்கிற மனுஷனையும் பொய் சொல்ல வெச்சிட்டீங்களே" என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் 5, புதன்

சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு தடவைதான் கேட்டு வாங்கினேன்.

ஜூன் 6, வியாழன்

தட்டினேன். நான் யோசித்து முடிப்பதற்குள் கை தட்டிவிட்டது.

"திறந்துதான் இருக்கு. பத்து வாரமா திறந்துதான் இருக்கு."

கட்டில். பக்கத்தில் போர்வை மூடிய தையல் இயந்திரம். கழுத்தில் இன்னும் அளவு நாடா. மகள் வேலைக்குப் போனால் மாலைவரை தனி ஆள். நாற்காலி ஒன்று, கட்டிலை ஒட்டி, காலியாக.

சொற்பொழிவு ஒன்று தயார் செய்திருந்தேன். "பாவிகளில் பிரதான பாவி, பொய்யர்களின் சக்கரவர்த்தி" என்று தொடங்கும். அதை அங்கேயே கைவிட்டேன். "மன்னிச்சிடுங்க. வாசல் வரைக்கும் வந்தேன். பயந்துட்டேன்" என்றேன்.

"தெரியும். அந்தச் செருப்புச் சத்தம் இந்த ஊர்ல வேற யாருக்கு? ரெண்டு தடவை கேட்டேன்."

"அப்புறம் ஏன் என்னைக் காப்பாத்துனீங்க?"

"உங்களையா? நல்ல கதை! வரலைன்னு சொல்லியிருந்தா உங்களை நீக்கிட்டு வேற ஆளை அனுப்பியிருப்பாங்க. அவர் வந்து தலைமாட்டுல நின்னு பெருமூச்சு விடுவாரு. எனக்கு எதுக்குய்யா பெருமூச்சு? சிரிக்க ஒரு ஆள் வேணும்." அளவு நாடாவை விரலில் சுற்றினார். "என் பொய்யைப் பத்தி நான் ஆண்டவர்கிட்ட பேசிட்டேன். உங்களது மைக்ல சொன்னது. மைக்லயே தீர்த்துடுங்க."

பிறகு தலையணையைச் சரிசெய்துகொண்டு, "இப்ப உட்காருங்க. ஒன்பது வாரமா நான் என்னென்ன பண்ணினேன்? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார்.

கட்டைவிரலில் தொடங்கினேன். ஆறாம் வாரம் அவர் படுக்கையிலிருந்தே பாடியதில் எதிர்வீட்டு நாய் மனந்திரும்பியது என்ற இடத்தில், "ஐயோ, இடுப்பு, இடுப்பு, நிறுத்துய்யா" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டார். நிறுத்தினேன். "எதுக்கு நிறுத்துன? சொல்லுய்யா!"

கிளம்பும்போது ஜெபம் பண்ணச் சொன்னார். எனக்கு வந்தது ஒரே வரி: "ஆண்டவரே, இனி வருவேன்." ஆமென் அவர்தான் சொன்னார்.

ஜூன் 9, ஞாயிறு

மைக்கைப் பிடித்தேன். "என் பாவங்களை அடுக்கினால் மலைகள் வெட்கப்படும்…"

"அண்ணே, சுருக்கமா" என்றார் போதகர்.

"நான் போகல. ஒரு வாரம்கூட உள்ள போகல. அவர் நடக்கல. எல்லாம் பொய். என்னை நீக்கிடக் கூடாதுன்னு அவர் எனக்காகப் பேசினாரு."

பாட்டுக்குழு அம்மாள், போன வாரக் கண்ணீரைத் திருப்பிக் கேட்பவள் மாதிரி முறைத்தாள்.

தலைவர் பதவி ஐந்தே நாளில் போனது. மைக்கும் இனி இல்லை. கடைசி வரிசையில் இடம். "வியாழக்கிழமை மட்டும் உங்களுக்கு" என்றார் போதகர். "தையல்காரர் போன்ல கேட்டுக்கிட்டாரு. நானா குடுக்கல."

வீட்டுக்கு வரும் வழியில் மேலிடம் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தெருவில்! முப்பது வருஷத்தில் முதல் தடவை. (இரண்டாவது. முதல் தடவை எனக்குக் கால் சுளுக்கு.)

ஜூன் 13, வியாழன்

போனேன். கடலை வாங்கிப் போனேன். முக்கால்வாசி அவரே தின்றார்.

ஜூலை 11, வியாழன்

மழை. போக வேண்டாமென்று உடம்பின் எல்லா உறுப்பும் தீர்மானம் நிறைவேற்றியது. கால் மட்டும் கட்சி மாறியது. இன்று அவர் சிரிக்கவில்லை, வலி. முனகினார். நாற்காலியிலேயே இருந்தேன். ஒன்றும் பேசவில்லை. நான்!

ஆகஸ்ட் 22, வியாழன்

தையல்காரர் நடந்தார்.

சத்தியமாக. வாக்கரைப் பிடித்துக்கொண்டு, கட்டிலிலிருந்து இயந்திரம் வரை. போர்வையை அவரே இழுத்தார்.

"போய் சபையில சொல்லுய்யா" என்றார், மூச்சு வாங்க.

"நான் சொன்னா எவன் நம்புவான்?"

கட்டிலில் விழுந்து சிரித்தார், பாவி.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

போதகர் மேடையிலிருந்தே கேட்டார்: "தையல்காரர் எப்படி இருக்காரு?"

கடைசி வரிசையில் எழுந்து நின்றேன். "நடந்தாருங்க ஐயா."

சபையில் ஒருவர் இருமினார். பாட்டுக்குழு அம்மாள் கைக்குட்டையைப் பைக்குள் பத்திரப்படுத்தினாள்.

"எவ்வளவு தூரம்?"

பத்து என்று சொல்ல நாக்கு துடித்தது. பத்து அடி என்றால் கேட்க எவ்வளவு அழகாக இருக்கும்!

"நாலு அடி."

போதகர் குனிந்து, சபை நோட்டில் எழுதிக்கொண்டார்.

நாலு.