ஒரு விரல் தூரம்

பரிமளாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமா? மூட்டுவலி குறைந்ததா? கொரோனாவால் விராலிமலைப் பக்கம் இந்த வருஷமும் நாடகங்கள் ரத்தாமே.

பாலக்காட்டில் நேற்று ஒரு சின்னச் சண்டை. என்னோடு கோழி வெட்டும் கந்தர்வக்கோட்டைக்காரன், "ராசா வேசம் போட்ட கையி, இங்கிட்டு வந்து குடல் அள்ளுதா" என்று சிரித்து, குடலை என் முகத்தில் எறிந்தான். மேடையில் ஓங்குவதுபோலத்தான் கத்தியை ஓங்கினேன். இருபது வருஷமாக நாடகத்தில் உன் அண்ணன் கழுத்துக்கு ஒரு விரல் முன்னால் நின்ற கை, நேற்று நிற்கவில்லை. அவன் காது கழிவு வாளியில் விழுந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

ஸ்டேஷனில் போனை வாங்கிக்கொண்டார்கள், அதனால் கடிதம். ஒரு போர்வை அனுப்பு. பரணில் உள்ள என் மரக்கத்தியை அடுப்பில் வை. திருவிழா திரும்ப வந்தாலும் உன் அண்ணனை என் எதிரில் நிற்க விடாதே.

கூப்பிடுகிறார்கள்.

ஆண்டியப்பன்